சில்லி மிஸ்டேக் என்று ஒன்று இல்லை

“ஒரு கார் மொத்தத் தொலைவில் முதல் பாதியை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் மறுபாதியை மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் கடக்கிறது. சராசரி வேகம் என்ன?” இந்தக் கணக்கைக் கொடுத்தால் பிளஸ் ஒன் பிள்ளைகளே 48 என்று சொல்லிவிடுவார்கள். ஊரறிந்த கணக்கு. அடுத்த வாரத் தேர்வில் “மொத்தத் தொலைவில்” என்பதை எடுத்துவிட்டு “மொத்தப் பயண நேரத்தில்” என்று மாற்றி வைப்பேன். இப்போது விடை 50. நாலு ஆப்ஷனில் 48-உம் இருக்கும். முதலில் போய் 48-ஐ ஷேடு பண்ணுவது பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். சுமாராகப் படிக்கிறவர்கள் தட்டுத்தடுமாறிக் கணக்கைப் போட்டு 50-க்கு வந்து சேர்வதும் உண்டு.

விடைத்தாளைக் கையில் வாங்கியதும் ஒரே பதில்தான்: “ஃபார்முலா தெரியும் சார், சில்லி மிஸ்டேக்.”

மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜேஇஇ நுழைவுத்தேர்வுகளை எழுதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பதிலை நான் இப்போது ஏற்பதில்லை. கவனப்பிசகு என்றால் அது எங்கே வேண்டுமானாலும் நடக்க வேண்டும். ஒரே மாணவரின் நாலைந்து தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு பையன் எப்போதும் விகிதத்தைத் தலைகீழாக எழுதுவான். A-க்கும் B-க்கும் கேட்டால் B-க்கும் A-க்கும் தருவான். ஒரு பெண் “தவறான கூற்று எது” என்று கேட்ட இடத்திலெல்லாம் சரியான கூற்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள். இன்னொருவர் வரைபடத்தின் அச்சில் மில்லி விநாடி என்று போட்டிருப்பதைப் பார்த்ததே இல்லை. தப்பு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது பழக்கம். வாசிக்கும் பழக்கத்தில் உள்ள கோளாறு.

இது எங்கிருந்து வருகிறது என்று தேடினால் நம் பள்ளித் தேர்வில் போய் நிற்கும். பிளஸ் டூ பொதுத்தேர்வில் புத்தகத்தின் பாடப் பின்வினாக்கள் அப்படியே வருவதுண்டு. அங்கே பிள்ளை வினாவை வாசிக்க வேண்டியதில்லை, அடையாளம் கண்டால் போதும். முதல் நாலு சொல்லைப் பார்த்ததும் கை விடையை எழுதத் தொடங்கிவிடும். இந்தத் திறமைக்குத்தான் பத்து, பன்னிரண்டு வருடம் மதிப்பெண் கொடுத்து வளர்த்திருக்கிறோம். நுழைவுத்தேர்வில் வினா அமைப்பவர் கைவைப்பதும் இந்தப் பழக்கத்தின் மேல்தான். எல்லாருக்கும் தெரிந்த கணக்கை எடுப்பார், ஒரு சொல்லை மாற்றுவார், பழைய விடையை ஆப்ஷனில் போட்டுவைப்பார். பழைய வினாத்தாள்களை மட்டுமே விடாமல் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் சாதனம், பற்றிய கணக்கு ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இணைத்தட்டு மின்தேக்கி ஒன்றை மின்கலத்தோடு இணைத்து மின்னேற்றியாகிவிட்டது. தட்டுகளுக்கு இடையே உள்ள இடம் முழுவதும் மின்காப்பு மாறிலி 3 கொண்ட ஒரு பொருளை நுழைக்கிறோம். சேமிக்கப்பட்ட ஆற்றல் என்ன ஆகும்?

இவ்வளவு வாசித்ததும் உங்கள் மனசு ஒரு விடைக்குப் போயிருந்தால், நான் சொல்ல வந்தது நடந்துவிட்டது. இந்த வினாவுக்கு இன்னும் விடையே கிடையாது. மின்கலம் இணைப்பிலேயே இருக்கிறதா, துண்டித்தாகிவிட்டதா என்று நான் சொல்லவில்லை. இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மாறாது. மின்தேக்குத்திறன் 3 மடங்காகும், ஆற்றலும் 3 மடங்காகும். மின்கலத்தைத் துண்டித்த பிறகு நுழைத்தால் மின்னூட்டம் மாறாது. மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகும், ஆற்றலும் மூன்றில் ஒரு பங்காகும். கணக்கின் உயிரே “துண்டித்த பிறகு” என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. ஆனால் மின்தேக்கி, மின்காப்பு, ஆற்றல் என்று மூன்று சொல்லைக் கண்டதுமே பிள்ளை சூத்திரத்துக்குப் பாய்ந்துவிடுகிறது. ஆப்ஷனில் 3 மடங்கும் இருக்கும், மூன்றில் ஒரு பங்கும் இருக்கும்.

கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் எண்களை மட்டும்தான் ஒப்பிப்பார்கள். “2 கிலோ, 5 மீட்டர், 30 டிகிரி சார்.” எண் இல்லாமல் சொல்லாகவே வரும் தரவு இவர்கள் கண்ணில் படுவதில்லை. வழவழப்பான தளம் என்றால் உராய்வு சுழி. ஓய்வுநிலையிலிருந்து என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. லேசான கயிறு என்றால் கயிற்றின் நிறையை விட்டுவிடலாம். மெதுவாக நகர்த்தப்படுகிறது என்றால் இயக்க ஆற்றலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு சமன்பாட்டுக்குச் சமம்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், நம் மொழியில் ஒரு விகுதி போதும் கணக்கு மாறிவிட. ஓய்விலிருந்து விழும் பொருள் 5 விநாடிகளில் கடக்கும் தொலைவு, g-ஐ 10 என்று கொண்டால், 125 மீட்டர். ஐந்தாவது விநாடியில் கடக்கும் தொலைவு 45 மீட்டர்தான். இயக்க ஆற்றல் 300 விழுக்காடு அதிகரித்தால் அது 4 மடங்கு, உந்தம் இரட்டிப்பாகும். 300 விழுக்காடாக அதிகரித்தால் அது 3 மடங்கு, உந்தம் ரூட் 3 மடங்கு. வேகமாக வாசிக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மொழி பற்றிப் பேசும்போது 2018-ஐச் சொல்லாமல் முடியாது. அந்த வருட நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு போனது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் இருக்கும், முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. ஆகவே தமிழில் வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஏதாவது இடறினால் உடனே ஆங்கில வரியைப் பாருங்கள். அதற்குப் பெரிய ஆங்கிலப் புலமை வேண்டாம். ரெஸ்பெக்டிவ்லி, எக்செப்ட், இனிஷியலி, நெக்லெக்ட், அட் மோஸ்ட் மாதிரி சின்னச் சின்னச் சொற்கள்தான் காலை வாருகின்றன. இவை எந்தக் கலைச்சொல் பட்டியலிலும் இருக்காது. ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் இருக்கிறது. ஐஐடியில் சேர அதற்கடுத்து எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து வினாக்கள் கேட்பதும் அதில் உண்டு. அங்கே போகிறவர்கள் பிளஸ் ஒன்னிலிருந்தே ஆங்கில வினாக்களை வாசித்துப் பழகினால்தான் ஆகும்.

சரி, எப்படிப் பழகுவது? என் வகுப்பில் சில நாள் பேனாவைத் தொடவே விடுவதில்லை. பத்து வினாக்கள் கொடுப்பேன். ஒருவர் வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்காமல், அங்கே என்ன நடக்கிறது, என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். “ஒரு பெட்டி சரிவுல நிக்குது, தள்ளாம விட்டா வழுக்காது, எவ்வளவு சாய்ச்சா வழுக்க ஆரம்பிக்கும்னு கேக்குறாங்க.” அவ்வளவுதான். முதல் வாரம் பசங்கள் சிரிப்பார்கள், மூன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது என்பார்கள். வாயால் சொல்ல வராதபோதுதான் வினா புரியவில்லை என்பதே பலருக்குத் தெரியவரும்.

இதைவிட எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. கணக்கைப் போட்டு முடித்ததும், விடை மாறுகிற மாதிரி வினாவில் ஒரே ஒரு சொல்லை மாற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லை மாற்றினால் விடை மாறும் என்று தேடுகிற பிள்ளை அந்த வினாவை முழுசாக வாசித்தே ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் மாட்டிவிடும் ஆசையும் சேர்ந்துகொள்வதால் வகுப்பு களைகட்டும். தப்பை எழுதும் நோட்டில் “சில்லி” என்று எழுதத் தடை. கவனிக்காமல் விட்ட சொல்லையே சிவப்பில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் யாருக்கு எந்தச் சொல் எதிரி என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

இப்படிச் செய்தால் ஒரு நாளைக்குப் போடும் கணக்குகள் குறையும். “அந்த சென்டர்ல தினம் நூறு கணக்கு போடுறாங்களாம் சார்” என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். நூறையும் அரைகுறையாக வாசித்துப் போட்டால், அரைகுறையாக வாசிக்கத்தான் நூறு முறை பயிற்சி கிடைக்கிறது.

நேரம் போதாது என்பது அடுத்த பயம். 2025 முதல் நீட்டில் 180 நிமிடத்துக்கு 180 வினா, நெருக்கடிதான். நான் சொல்லும் முறை இது: முதலில் கடைசி வரியை வாசித்து என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள், பிறகு மேலிருந்து முழுசாக வாசியுங்கள், ஷேடு பண்ணும் முன் கடைசி வரியை மறுபடி ஒரு பார்வை. கூடுதலாக 10 விநாடி ஆகும். இயற்பியலின் 45 வினாவுக்கும் சேர்த்து ஏழரை நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்பதால் தெரிந்த கணக்கில் ஒன்று தப்பினாலே 5 மதிப்பெண் இறக்கம். ஏழரை நிமிடத்தில் இரண்டு வினாவைக் காப்பாற்றினாலே போதுமானது. ஜேஇஇ கணினித் திரையில் வருவதால் சொல்லின் கீழே கோடு போட வழியில்லை. கொடுத்ததையும் கேட்டதையும் ரஃப் தாளில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இயற்பியல் தெரியாவிட்டாலும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். மாதிரித் தேர்வில் தப்பிய வினா ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்து, திட்டாமல், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாதியிலேயே “ஐயோ, இதைப் பார்க்கலையே” என்று நாக்கைக் கடித்தால் பாடம் தெரியும், வாசிப்பில்தான் கோளாறு. மேலே சொன்ன பயிற்சி போதும். முழுசாக வாசித்த பிறகும் விழித்தால், மாதிரித் தேர்வுகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வையுங்கள்.