கீற்றை மாற்றும் முன் படம் எடுங்கள்

புயலில் கூரை பறந்த மறுநாளே எங்கள் தெருக்கோடிப் பாட்டி கடன் வாங்கிப் புதுக் கீற்று வேய்ந்துவிட்டார். மழை விட்டபாடில்லை, வேறு எங்கே போய்ப் படுப்பார்? ஆறாம் நாள் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "கூரை நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். பழைய கீற்றைக் காற்று கொண்டுபோயிருந்தது. படம் எடுத்து வைக்கவும் ஆள் இல்லை. நிவாரணப் பட்டியலில் பாட்டியின் பெயர் ஏறவே இல்லை.

அவருக்கு வந்திருக்க வேண்டிய பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருவது. 2022 முதல் 2026 வரையிலான விதிப்படி குடிசைக்கு 8,000 ரூபாய், சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, உயிரிழப்புக்கு 4 லட்சம். சில புயல்களில் மாநில அரசு கூட்டிக் கொடுக்கும். 2024 ஃபெஞ்சலில் குடிசைக்கு 10,000 அறிவித்தார்கள். நிதி விவரம் இவ்வளவு போதும். சிக்கலெல்லாம் தாலுகா அலுவலகத்தில்தான் தொடங்குகிறது.

முதல் கண்ணி, 'பகுதி சேதம்' என்ற இரண்டு சொற்கள். சுவர் நின்று கூரை மட்டும் போயிருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள். ஓட்டு வீடோ மாடி வீடோ, பகுதி சேதத்துக்குக் குறைந்தது 15 சதவீதம் பழுதாகியிருக்க வேண்டும். கிடைப்பதும் சில ஆயிரம்தான். சுவரில் விரிசல் ஓடியிருந்தால் வந்தவரை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவர் என்ன எழுதினார் என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் பிறகு மூன்று மாதம் அலைய வேண்டும்.

மாடு செத்தால் புதைக்கத்தான் எல்லோருக்கும் அவசரம். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தராமல் புதைத்துவிட்டால் மாடு இருந்ததற்கே ஆதாரம் கேட்பார்கள். காதில் உள்ள வில்லையின் எண் தெரியும்படி இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மனித உயிரிலும் இதே கதைதான். பேரிடர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மட்டும் என்று நினைக்கிறோம். வெப்ப அலையையும் 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது; வெயில் தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சித்திரை வெயிலில் களையெடுத்தவர் சுருண்டு விழுந்தால், 'மாரடைப்பு' என்று ஊரே முடிவு கட்டி மாலைக்குள் எரித்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை இல்லை, இறப்புக்குக் காரணம் சொல்லும் தாள் இல்லை. ஆகவே பணமும் இல்லை. இடி விழுந்து இறந்தாலும் காவல் நிலையத்தில் புகார், பிரேதப் பரிசோதனை இரண்டையும் விடக் கூடாது. துக்க வீட்டில் இதைச் சொல்லக் கடினம்தான். யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

பயிருக்கு 33 சதவீதமாவது சேதம் வேண்டும். கணக்கெடுப்பவர் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். மேலே பச்சை தெரியும், அடியில் வேர் அழுகியிருக்கும். நாலு தூரைப் பிடுங்கிக் கையில் கொடுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள், எந்த நிலத்தில் யார் பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று விதைத்த கையோடு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு, நிவாரணம் நிலக்காரருக்கு. பயிர்க் காப்பீடு இதில் சேராது; அது தனி. ஆலங்கட்டி மழை போல உங்கள் வயலை மட்டும் தாக்கிய சேதமென்றால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்லியாக வேண்டும்.

புயலோ மழையோ, சேதமானதும் 1077-ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நிற்க, கதவு எண் தெரிய, நாலு பக்கமும் படம் எடுங்கள். அதற்குப் பிறகு கூரை வேயலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "பட்டியல் மேலே போய்விட்டது" என்பார். பாட்டியின் மகனிடமும் அதைத்தான் சொன்னார்கள். அவரும் நம்பித் திரும்பிவிட்டார். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பெயர் ஏறியும் பணம் வராதவர்கள் உண்டு. வங்கிகள் இணைந்ததில் கிளைக் குறியீடு மாறியிருக்கும், கையில் இருப்பதோ பழைய பாஸ்புக். ஆடி முடிவதற்குள் ஒருமுறை வங்கிக்குப் போய் அதைச் சரிபார்த்து வாருங்கள்.