அவதாரமும் மறுபிறவியும் ஒண்ணாக்கும்?

"கிருஷ்ணர் விஷ்ணுவின் எட்டாவது மறுபிறவி." நெட்ல கலைக்களஞ்சியத்த தொறந்து புராணப் பக்கமா லிங்க் லிங்கா தாவிக்கிட்டே போனா இப்படி ஒரு வரி எங்கயாவது வந்து நிக்கும், இப்ப யூடியூப்காரங்களும் அதையே பாத்து வாசிக்காவ, கேக்க முடியல.

அவதாரம் வடசொல். 'அவ'ன்னா கீழ, 'த்ரு'ன்னா கடக்குறது, மேலருந்து இறங்கி வர்றதுன்னு அர்த்தம். செத்து திரும்ப பொறக்குறதாக்கும் மறுபிறவி. தாட்சாயணி பார்வதியா பொறந்தது மறுபிறவி, அம்பை சிகண்டி ஆனது மறுபிறவி. பெருமாள் எப்ப செத்தாரு?

ராமர் கல்யாணம் முடிஞ்சு வர்ற வழியில மழுவோட மறிச்சு நிக்காரே பரசுராமர், அது ஆறாவது அவதாரமும் ஏழாவது அவதாரமும் நேருக்கு நேர். முந்தினவரு உயிரோட நிக்கும்போது யாரு யாருக்கு மறுபிறவி? மழுவ எறிஞ்சு கோகர்ணத்துலருந்து நம்ம கன்னியாகுமரி வரைக்கும் கடல்கிட்டருந்து நிலம் வாங்குனாருன்னு சொல்லுவாவளே, அதே ஆளுதான், அவரு சிரஞ்சீவி வேற.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இந்த குழப்பமே வரக்கூடாது. மாசி 20, அய்யாவழிக்காரங்க பெருமாளோட அவதாரம்னு கும்பிடுத அய்யா வைகுண்டரோட அவதார தினம், நாகர்கோவில்லருந்து சாமித்தோப்புக்கு காவிக்கொடியோட ஊர்வலம், லோக்கல் லீவு. நோட்டீஸ்ல 'மறுபிறவி தினம்'னு அடிச்சு பாருங்க, வீட்டுக்கே வந்துருவாவ.

சரி, தனித்தமிழ் ஆளுங்க அவதாரத்துக்கு 'தோற்றரவு'ங்காவ. எனக்கு இதுவும் ஒத்துக்கல. மொதல்ல இங்க பாதிப் பேருக்கு பைபிள்ல வர்ற 'தேற்றரவாளன்'தான் ஞாபகம் வரும், அது ஆறுதல் சொல்றவரு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது, 'அரவு'ன்னு தனியா பிரிச்சா பாம்பு, பெருமாளே பாம்பு மேல படுத்திருக்காரு, சின்னப்பிள்ள கேட்டா என்ன சொல்லுவிய? இதெல்லாம் கூட போட்டும், இறங்கி வர்றதுங்கிற விஷயமே அந்த சொல்லுல இல்லயே. தோன்றுறது சிவனுக்குத்தான் பொருத்தம், சிலப்பதிகாரமே அவர 'பிறவா யாக்கைப் பெரியோன்'ங்குது, பக்தன் முன்னால தோன்றுவாரு, மறைவாரு. பெருமாளு அப்படியா, கோசலை வயித்துலயும் தேவகி வயித்துலயும் கெடந்து பொறந்தவரு. நரசிம்மர் தூண்லருந்துல்லா வந்தாருன்னு கேப்பிய, சரிதான், அந்த மாதிரி சிலத மட்டும் வச்சு பத்துக்கும் பேரு வைக்க முடியுமா?

நம்மாழ்வார் 'எந்நின்ற யோனியுமாய்ப் பிறந்தாய்'னுதான் பாடுகாரு. தோன்றினாய்னு இல்ல, மறுபடி பிறந்தாய்னும் இல்ல. அவரு அம்மா உடையநங்கை நம்ம திருப்பதிசாரத்துக்காரின்னு சொல்லுவாவ, அந்த உரிமையில சொல்லுகேன், தமிழ்தான் வேணும்னா 'பிறப்பு'ன்னு போடுங்க, 'இறங்கிப் பிறத்தல்'னு விளக்கம் எழுதுங்க. இல்லன்னா அவதாரத்த அப்படியே விடுங்க, பாட்டிமாருக்கும் புரியுற சொல்லு.

எல்லாத்துக்கும் காரணம் மொழிபெயர்ப்புதான். இங்கிலீஷ்ல இன்கார்னேஷன் (உடம்பெடுத்து வர்றது) வேற, ரீஇன்கார்னேஷன் (மறுபிறவி) வேற, அந்த 'ரீ' இருக்கா இல்லயான்னு கூட பாக்காம மெஷின்ல போட்டு எடுத்து ஒட்டுகாவ. சர்ச்ல இயேசு மனுஷனா வந்தத 'வார்த்தை மாம்சமாகி'ன்னு எவ்வளவு தெளிவா வாசிக்காவ, அங்க யாரும் மறுபிறவின்னு சொல்றதில்லயே. புராணத்துக்கு மட்டும் என்னத்தையும் எழுதலாமாக்கும். கலைக்களஞ்சியத்துல எடிட் பட்டன் எல்லாருக்கும் தொறந்துதான் கெடக்கு, அந்த 'மறு'வ மட்டுமாவது அழிச்சு விடுங்க.