குவெரி லெட்டர்: ஐயவினாவா, கொளல் வினாவா?

மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்தவர்களுக்கு ‘குவெரி’ என்றாலே வயிற்றைக் கலக்கும். கணக்காய்விலிருந்து வரும் அந்தக் கடிதத்துக்கு அரச தமிழில் ‘ஐயவினா’ என்று பெயர். ஓய்வுபெற்ற எழுதுவினைஞரான நண்பர் ஒருவர் தன் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “லண்டன் ஏஜெண்டுக்குக் குவெரி லெட்டர் எழுத வேணுமாம். நான் ஏன் அவரிட்டக் கணக்குக் கேட்க வேணும்?” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “ஏஜெண்டா? இந்த வயசில எந்த நாட்டுக்கு?” என்றார். எங்கள் பக்கத்தில் ஏஜெண்ட் என்றால் கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்புகிறவர்தான்.

இவர் தேடியது இலக்கிய முகவரை. எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசி ஒப்பந்தம் செய்து கொடுப்பவர். எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பொதுவாக 15 விழுக்காடு அவருக்கு. வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. அதுவும் புத்தகம் விலைபோன பிறகுதான். படித்துப் பார்க்கவே காசு கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். (இந்தப் புத்தி இரண்டு வகை ஏஜெண்டுக்கும் பொருந்தும்.) நம் ஊரில் கையெழுத்துப் பிரதி நேரே அச்சகத்துக்குப் போகும், அப்புறம் வெளியீட்டு விழா. இடையில் முகவர் இல்லாததால், தன் நாவலுக்காகப் பேச முன்வருவாரா என்று கேட்டு அவருக்கு எழுதும் ‘குவெரி லெட்டர்’ என்ற கடிதத்துக்கும் தமிழில் பெயர் இல்லாமல் போயிற்று.

லத்தீனில் ‘குவைரே’ என்றால் ‘கேள்’. ‘தேடு’ என்றும் பொருள். ஐயமான இடத்தில் குறிப்பாக எழுதப்பட்ட அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘குவெரி’ ஆனது.

காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்தர். அவர் மண்ணில் இருந்துகொண்டு இதை ‘குவெரி லெட்டர்’ என்றே விட்டுவிட மனம் வரவில்லை. ‘விசாரணைக் கடிதம்’ என்றால் கிழக்கில் யாரும் பதறுவார்கள். ‘கேள்வி’ என்றால் இலங்கையில் டெண்டர். ‘விண்ணப்பம்’ படிவத்தை நினைவூட்டுகிறது. ‘வினவல் கடிதம்’ பரவாயில்லை, ஆனால் எந்த வினா?

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கணக்காய்வுக்காரர் கேட்பது ஐய வினா. தெருவோரக் கடையில் “அண்ணன், எருமைத் தயிர் இருக்கா?” என்பது கொளல் வினா, இருந்தால் ஒரு சட்டி தாருங்கள் என்று அர்த்தம். முகவருக்கு எழுதுவதும் இந்த வகைதான். எதையும் தெரிந்துகொள்வதற்காக அல்ல, அவரை நாடித்தான் எழுதுகிறோம். லத்தீனின் ‘தேடு’ என்ற பாதி இங்கேதான் வேலை செய்கிறது. ஆகவே ‘நாடல் கடிதம்’ என்பேன்.

நண்பரின் முதல் வரைவு “சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம் கொண்ட நான்” என்று தொடங்கி, நாவல் என்ன என்று சொல்லாமலே இரண்டு பக்கம் ஓடியது. ஒரு பக்கம் போதும், 300 சொல் அளவில். இப்படித் திருத்தினோம்: “2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த விதவை ஊர் திரும்புகிறாள். அவள் வளவில் புதிதாக ஒரு கிணறு. வெட்டியது யாரென்று ஊரில் எவரும் சொல்ல மறுக்கிறார்கள்.” கிணற்றின் மர்மத்தைக் கடிதத்தில் உடைக்கவில்லை, முழுக் கதையையும் முடிவோடு சொல்லத் தனியே கதைச்சுருக்கம் இருக்கிறது. கடிதத்தில் அதன் பிறகு நாவலின் வகை, மொத்தச் சொற்கள், அண்மையில் வந்த ஒத்த நூல்கள் இரண்டு, தன்னைப் பற்றி மூன்று வரி. முகவரின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். புனைகதை என்றால் நாவலை முடித்த பிறகே அனுப்ப வேண்டும்.

தயிர்க் கடைக்காரர் ‘இல்லை’ என்றாவது சொல்வார். முகவர்கள் பலர் பதிலே போடுவதில்லை. நண்பர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பிவிட்டு (அது தவறில்லை) கிழமைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். மனைவி இன்னமும் “விசா வந்துதா?” என்றுதான் கேட்கிறாராம்.