கோட் ஸ்விட்சிங்: மொழித்தாவல்

ஒரே பேச்சுக்குள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவதை மொழியியலார் கோட் ஸ்விட்சிங் என்கிறார்கள். சொல்லின் இரு பாதிகளுமே மரத்தில் பிறந்தவை. லத்தீனில் கௌடெக்ஸ் என்றால் அடிமரம். மெழுகு பூசிய பலகைகளைக் கோத்த ஏட்டுக்கும், பிறகு சட்டத் தொகுப்புக்கும் அது பெயரானது. அதன் வழிவந்தது கோட். (நம் ஏடும் ஓலைதானே!) ஸ்விட்ச் முதலில் மெல்லிய கொம்பு, குதிரைக்காரர் கைப்பிரம்பு. ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளத்துக்கும் மின்விசைக்கும் பிற்பாடுதான் ஆகிவந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குறிமாற்றம்’. படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘மொழிமாற்றம்’ என்றால் டப்பிங் படம்தான் நினைவுக்கு வரும். ‘மொழிக்கலப்பு’ பரவலான சொல், ஆனால் கலப்படம் என்ற குற்றச்சாட்டு அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பேச்சு எந்த இடத்தில் மாறியது என்பதும் அதில் கரைந்துபோகிறது.

அந்த இடம்தான் ஆய்வின் உயிர். வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகத்தார், வேல்ஷும் ஆங்கிலமும் பேசுவோரின் இயல்பான உரையாடல்களைச் சுமார் 40 மணி நேரம் பதிவுசெய்து ‘ஷாரட்’ என்ற தொகுப்பாக்கினார்கள். வேல்ஷில் அதற்குப் பேசுதல் என்று பொருள். எழுதியெடுக்க அவர்கள் பின்பற்றியது சாட் என்னும் முறை. அதைப் படித்து எண்ணும் மென்பொருள் கிளான். இரண்டும் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984-இல் தொடங்கிய குழந்தைமொழித் திட்டத்தில் வளர்ந்தவை.

சாட்டில் ஒவ்வொரு கூற்றும் தனி வரி. முதலில் நட்சத்திரக் குறி, அடுத்துப் பேசியவரின் மூன்றெழுத்துச் சுருக்கம், பிறகு பேச்சு. வேற்றுமொழிச் சொல்லின் வாலில் @ குறியும் எஸ் எழுத்தும் மொழியின் குறியீடும் வரும். எந்த மொழி என்று சொல்ல முடியாத சொல்லுக்கு இரு மொழிக் குறியீடுகளையும் & போட்டு இணைப்பார்கள்; வேர் ஒரு மொழி, விகுதி மற்றொன்று என்றால் +. குறியிட்டு முடித்த பிறகு எண்ணுவது கிளானுக்கு நொடி வேலை. குறியிடுவதுதான் மனிதர் பாடு. ‘பஸ்ஸை விட்டுவிட்டேன்’ என்பதில் பஸ் நம் வீட்டுக்கே வந்துவிட்ட கடன்சொல். ‘ஐ திங்க், அவர் வரமாட்டார்’ என்பதில் காற்புள்ளி நிற்கும் இடத்தில் மொழி மாறுகிறது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்காமல் எண்ணிக்கை எடுத்துப் பயனில்லை.

ஆகவே ‘மொழித்தாவல்’ என்றே எழுதுகிறேன். கொம்புவிட்டுக் கொம்பு தாவுவது ஸ்விட்சின் பழைய பொருளுக்கும் பொருந்துகிறது. கட்சித்தாவல் நினைவுக்கு வரலாம். மானும் குழந்தையும் தாவுகிற சொல்லை அரசியலுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தாவினார், தாவுமிடம், தாவாத பேச்சு என்று வேண்டியபடியெல்லாம் அது வளைகிறது.