மகன் வீட்டில் இருந்தாலும் கணக்கு உங்கள் இருவருடையதுதான்

கார்த்திகைக் குளிரில் ஒரு காலை, லண்டனில் நான் வேலை செய்யும் ஆலோசனை நிலையத்துக்கு ஒரு ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். ஐயாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 69. அம்மா சேலைக்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டையும், அதற்கு மேல் மகனுடைய பழைய ஜாக்கெட்டும் போட்டிருந்தார். அறை சூடாக இருந்தும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அவர்கள் வந்தது லண்டன் முதியவர்களுக்கான இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் புதுப்பிக்க. கதையோடு கதையாக, பகலில் வீட்டில் ஹீற்றர் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"பிள்ளையள் வேலைக்குப் போனாப் பிறகு நிப்பாட்டிப் போடுவம், பிள்ளை. அவன்தானே பில் கட்டுறான். பாவம், அவனுக்கும் மோர்ட்கேஜ் இருக்கு."

பகல் முழுவதும் இருவரும் ஒரே அறையில், போர்வைக்குள், சுடுதண்ணீர்ப் பையோடு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்துக்குத்தான் திரும்பவும் போடுவார்களாம். இருக்கும் அறை 18 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது இந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்லும் அளவு. முதியவர்களுக்குக் குளிர் என்பது உடம்பு நடுங்குவதோடு நிற்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சில் சளி கட்டும், மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோகும்.

"வின்ரர் ஃபியூவல் பேமென்ற் வாறதே?" என்று கேட்டேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு அது.

"அது பென்சன் எடுக்கிற ஆக்களுக்கல்லோ? எங்களுக்குப் பென்சனே இல்லையே."

இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஐயா இங்கே வந்து ஆறு வருடம்தான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். அரச ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடத் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு வேண்டும். அம்மா பேரப்பிள்ளைகளை வளர்த்தார். அது பங்களிப்பாக அவர் பெயரில் பதியப்படவில்லை. ஆகவே இருவருக்கும் ஓய்வூதியம் இல்லை. ஆனால் குளிர்காலக் கொடுப்பனவு வயதையும் வசிப்பிடத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. ஓய்வூதியம் எடுப்பவர்களின் விபரம் அரசிடம் ஏற்கெனவே இருப்பதால் அவர்களுக்குக் கேட்காமலே வந்துவிடும். இவர்களைப் போன்றவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. கேட்டால்தான் வரும்.

2025-26 குளிர்காலத்துக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வசிக்கும், 1959 செப்டெம்பர் 22க்கு முன் பிறந்த அநேகமாக எல்லோருக்கும் இது உண்டு. ஸ்கொட்லாந்தில் வேறு பெயரில், வேறு தொகையில் தருகிறார்கள். 2024இல் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். "அதை நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்ற அந்தக் கதைதான் இன்னும் கோயிலிலும் கடையிலும் உலாவுகிறது. 2025இல் மாற்றிவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுணைத் தாண்டுபவர்களிடம் மட்டும் வரி மூலம் திருப்பி எடுக்கிறார்கள். அந்த 35,000 ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுவது. கணவருக்குக் கூட இருந்து மனைவிக்குக் குறைவாக இருந்தால், மனைவியின் பங்கில் கை வைக்க மாட்டார்கள்.

தம்பதியருக்கு இந்தக் காசு பிரிந்து வருவதுதான் பலரைக் குழப்புகிறது. இருவரும் தகுதி வயதைத் தாண்டி, 80க்குக் கீழே இருந்தால் ஆளுக்கு 100 பவுண். ஒருவர் 80 தாண்டியிருந்தால் அவருக்கு 200, மற்றவருக்கு 100. இருவரும் தாண்டியிருந்தால் ஆளுக்கு 150. பென்சன் கிரெடிற் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவி) எடுக்கும் தம்பதியர் என்றால் முழுத் தொகையும், 200 அல்லது 300, ஒரே கணக்குக்கு வரும். "அவருக்கு வந்திட்டுது, எனக்கு வரேல்லை" என்று ஓடி வருபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பென்சன் கிரெடிற் இல்லாமல் ஒருவருக்கு மட்டும் 100 வந்திருந்தால், மற்றவருடையது எங்கேயோ தவறியிருக்கிறது. கேட்க வேண்டும். 2025-26 குளிர்காலத்துக்கான கோரிக்கைக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31.

ஆனால் அன்று நான் அந்த ஐயாவோடு அதிக நேரம் கதைத்தது இந்த 200 பவுணைப் பற்றியல்ல. பென்சன் கிரெடிற்றைப் பற்றி. 2025-26இல் தம்பதியர் இருவருடையதும் சேர்ந்த கிழமை வருமானம் 346 பவுண் 60 பென்சுக்குக் குறைவாக இருந்தால், குறையும் தொகையை அரசு நிரப்பும். தனியாக இருப்பவருக்கு அந்த அளவு 227 பவுண் 10 பென்ஸ். வருமானமே இல்லாத இந்த இருவருக்கும் முழுத் தொகையும் கிடைக்க வழி இருந்தது.

"மகன்ரை வீட்டிலை இருக்கிறம். அவனுக்கு நல்ல சம்பளம். தருவாங்களே?"

தருவார்கள். கூட இருக்கும் வளர்ந்த பிள்ளையின் சம்பளத்தை இதில் கணக்கெடுப்பதில்லை. நம் கண்ணுக்கு அது ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. அரசின் கணக்கில் கணவனும் மனைவியும் ஒரு குடும்பம், மகன் வேறு. உங்கள் கோரிக்கையால் மகனுடைய வேலைக்கோ வீட்டுக்கோ ஒரு பாதிப்பும் வராது என்பதை அந்த ஐயாவுக்கு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மகனுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவருக்கும் இது தெரியாது.

கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. கணவன் மனைவி இருவருமே ஓய்வூதிய வயதை, அதாவது 66ஐ, எட்டியிருக்க வேண்டும். ஒருவர் இளையவர் என்றால் 2019 மே மாதத்திலிருந்து புதிதாகப் பென்சன் கிரெடிற் கேட்க முடியாது; உழைக்கும் வயதினருக்கான உதவியான யுனிவர்சல் கிரெடிற் பக்கம்தான் போகவேண்டும். அந்த 66 வயதும் 2026 ஏப்ரலில் இருந்து படிப்படியாக 67 ஆகிறது. பிள்ளைகளின் பொறுப்பில் ஸ்பொன்சர் விசாவில் வந்தவர்களும், அரச உதவி எடுக்கக் கூடாது என்று விசாவில் எழுதப்பட்டிருப்பவர்களும், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது ஊர்க் காணி. இதை மறைப்பவர்களைப் பார்த்து உண்மையாகவே எனக்கு மனம் பதைக்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கெடுக்க மாட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் இருக்கும் வளவும், கொழும்பு வங்கியில் கிடக்கும் நிலையான வைப்பும் சொத்துத்தான், சொல்லத்தான் வேண்டும். சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. முதல் 10,000 பவுணை விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுணுக்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானம் என்று கணிப்பார்கள். சேமிப்பும் காணியும் சேர்த்து 14,000 பவுண் பெறுமதி என்றால் கிழமைக்கு 8 பவுண்தான் குறையும். அந்த எட்டுப் பவுணுக்காக மறைத்து, பிறகு பிடிபட்டு, வருடக் கணக்கான காசைத் திருப்பிக் கட்டும் நிலைக்கு வந்த ஒரு தம்பதியரை எனக்குத் தெரியும். அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் இருந்து அழுததை மறக்க முடியவில்லை.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். குளிர் தொடங்க, தைப்பொங்கலையும் சாட்டி, மூன்று மாதம் ஊரில் நின்று வருவது நம் முதியவர்களின் வழக்கம். வெளிநாட்டில் 4 கிழமைக்கு மேல் நின்றால் பென்சன் கிரெடிற் நிற்கும். நெருங்கிய உறவினரின் சாவு போன்ற காரணத்துக்கு 8 கிழமை வரைக்கும், மருத்துவச் சிகிச்சைக்கு 26 கிழமை வரைக்கும் விடுவார்கள். ரிக்கற் போடுமுன் ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பென்சன் கிரெடிற் கிடைத்துவிட்டால் அதன் பின்னால் மற்றவையும் வரும். உங்கள் பகுதியில் ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூச்சியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், அந்த ஒவ்வொரு ஏழு நாளுக்கும் 25 பவுண் தானாக வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும். 75 வயதைத் தாண்டியவர்களுக்குத் ரீவி லைசென்ஸ் இலவசம். மின்சாரப் பில்லில் 150 பவுண் கழிக்கும் வோர்ம் ஹோம் டிஸ்கவுன்ற் என்பதும் உண்டு. ஆனால் அதற்கு அந்தப் பில் உங்கள் பெயரிலோ உங்கள் துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும், அதுவும் ஆகஸ்ட்டில் அவர்கள் குறிக்கும் நாளில். தனியாக வாழும் பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பில்லைத் தங்கள் பெயருக்கு மாற்றிவைத்திருக்கும் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். அந்த அன்பினாலேயே வருடம் 150 பவுண் போகிறது.

ஃபோனில் "குளிர்காலக் காசுக்கு இங்கே அழுத்துங்கள்" என்று லிங்கோடு வரும் குறுஞ்செய்தி மோசடி. அழித்துவிடுங்கள்.

கோருவதற்கு இரண்டு இலவச எண்கள்: குளிர்காலக் கொடுப்பனவுக்கு 0800 731 0160, பென்சன் கிரெடிற்றுக்கு 0800 99 1234. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ் இன்ரபிரெற்றர்" என்று மட்டும் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். தேசியக் காப்புறுதி எண், வங்கி விபரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சன் கிரெடிற்றை, அப்போதே தகுதி இருந்திருந்தால், மூன்று மாதம் பின்தேதியிட்டும் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அன்று அந்த இருவரையும் மேசைக்கு முன்னால் வைத்துக்கொண்டே இரண்டு எண்களுக்கும் அடித்தோம். கலியாணம் கட்டிய தேதியையும் கேட்டார்கள். ஐயா யோசித்துக்கொண்டு இருந்தார். அம்மா உடனே சொன்னார்: "எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஆவணி முப்பது." வங்கிக் கணக்கு விபரம் கேட்டபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருடமாக அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கவில்லை. மகனுடைய கணக்கைக் கொடுக்க எடுத்த ஐயாவை நிறுத்தி, விபரத்தைப் பிறகு தருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த கிழமையே இருவர் பெயரிலும் ஒரு கணக்குத் திறக்க வைத்தேன்.

தை பிறந்த பிறகு கடிதம் வந்தது. கடிதத்தோடு வந்த அம்மா கதிரையில் இருந்ததும் முதல் வேலையாக ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லு, பிள்ளை," என்றார்.