இணைப்புச் சொல்லின் வாசம்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார். "பால்குடத்துக்குப் பேர் கொடுக்கணும் தம்பி, எங்க இருக்குன்னே தெரியல." பினாங்கில் நாங்கள் நடத்தும் சிறு சபையின் அகப்பக்கம் அது. எழுதியது நான்.

பக்கத்தில் நான்கு "மேலும் படிக்க", இரண்டு "இங்கே அழுத்தவும்". அக்கா முதல் "மேலும் படிக்க"வைத் தட்டினார், போன வருடப் படங்கள் வந்தன. திரும்பி வந்து இரண்டாவதைத் தட்டினார், நன்கொடையாளர் பட்டியல். மூன்றாவதற்கு அவர் போகவில்லை. "நீயே எழுதிடு தம்பி" என்று கைப்பேசியை என்னிடமே கொடுத்துவிட்டார். பதிவு பாரம் நான்காவதற்குப் பின்னால் இருந்தது. அன்றிலிருந்து இந்த இணைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஓர் இணைப்புக்குள் இரண்டு பகுதி உண்டு. ஒன்று முகவரி, அது கணினிக்கு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியும் சொல், அது மனிதருக்கு. முகவரி மனிதருக்கு ஆகாது என்பதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. "தைப்பூசம்" என்று முகவரியில் எழுதினால், அதை அனுப்பும் நேரத்தில் உலாவி %E0%AE%A4 என்று தொடங்கும் நீண்ட வரிசையாக மாற்றிவிடும். நமக்கு ஐந்து எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடில் துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 9 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து, ஆக 81 எழுத்து! வாட்ஸாப்பில் ஒட்டினால் பயமுறுத்துமே, அது இதுதான். அதனால் வழிகாட்டும் சுமை முழுவதும் கண்ணுக்குத் தெரியும் சொல்லின் மேல்தான் விழுகிறது.

அந்தச் சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதை 1990களில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இரண்டு ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மனிதர் தகவல் தேடுவதும் விலங்கு இரை தேடுவதும் ஒரே மாதிரி என்றார்கள். காட்டில் மோப்பம் பிடித்துப் போகும் விலங்கு, வாசம் கூடினால் தொடரும், குறைந்தால் வேறு பக்கம் திரும்பும். இணைப்புச் சொல்லும் ஒரு வாசம்தான். சந்து முனையிலேயே நாசி கண்டார் சோற்றுக் குழம்பின் மணம் வந்தால் கால் தானாக உள்ளே போகிறதல்லவா? "மேலும் படிக்க" என்பதில் எந்த மணமும் இல்லை. அக்கா இரண்டு முறை ஏமாந்ததும் விட்டது அவசரத்தால் அல்ல. வாசம் அற்ற இடத்தில் எந்த உயிரும் நின்று தேடாது.

ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம் மூத்தவர்கள் கடைத்தெரு என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல இணைப்புச் சொல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, முழு விவரத்தையும் இணைப்பிலேயே எழுதிவிட்டால்? அதையும் செய்து பார்த்தேன். "எதிர்வரும் தைப்பூசத் திருநாளை முன்னிட்டு பால்குடம் எடுப்போருக்கான பதிவு" என்று ஒன்று. "எதிர்வரும் தைப்பூசத் திருநாளை முன்னிட்டு அன்னதானப் பொருள் வழங்க" என்று மற்றொன்று. அழைப்பிதழுக்கு நன்றாக இருக்கும், பட்டியலுக்கு ஆகாது. இணைப்புப் பட்டியலைக் கண் முழுதாகப் படிப்பதில்லை, வரிகளின் தொடக்கத்தை மட்டும் தடவிக்கொண்டு கீழே இறங்கும். இணையப் பக்கங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சனின் குழு 2009இல், இணைப்புகளின் முதல் 11 எழுத்துகளை மட்டும் காட்டி, பின்னால் என்ன வரும் என்று ஆட்களைச் சொல்லச் சொன்னது. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. இருந்தாலும் என் இரண்டு இணைப்புகளையும் அதே அளவில் வெட்டிப் பார்த்தேன். இரண்டிலும் மிஞ்சியது "எதிர்வரும் தைப்பூச". வித்தியாசமே இல்லை. "பால்குடப் பதிவு" என்று எழுதினால் இடைவெளியோடு சேர்த்து ஒன்பதே எழுத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது.

பார்வையற்றவருக்கு இது இன்னும் முக்கியம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தனியே திரட்டிப் பட்டியலாகத் தரும். சுற்றியுள்ள பத்தி அதில் வராது. என் பழைய பக்கத்தை அப்படிக் கேட்டபோது "மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க" என்றே வந்தது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சொல்லைப் படமாக வரைந்து பொத்தானாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம். படத்துக்கு மாற்றுச் சொல் கொடுக்காவிட்டால் கருவியால் அதைப் படிக்கவே முடியாது. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இல்லாததால் தமிழைப் படமாகப் போட வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியது போன்ற உழைப்பும், யூனிகோடும் அந்தத் தடையை எடுத்துவிட்டன. இன்னும் படப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமே இல்லை.

தேடுபொறியும் இந்தச் சொல்லைத்தான் கவனிக்கிறது. செர்ஜி பிரின், லாரி பேஜ் 1998இல் எழுதிய கூகுள் கட்டுரையிலேயே, இணைப்பின் சொல்லை அது போய்ச் சேரும் பக்கத்தோடும் சேர்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இங்கே" என்று இணைத்தால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று நாம் எதுவுமே சொல்லவில்லை.

அப்புறம், எத்தனை இணைப்பு வைக்கலாம்? ஏழுக்கு மேல் கூடாது என்று பலர் சொல்வார்கள். அது நினைவாற்றல் பற்றிய கணக்கு. பட்டியல் கண் முன்னாலேயே இருக்கும்போது யாரும் அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1998இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 512 பக்கங்களை மூன்று விதமாக அடுக்கிச் சோதித்தார்கள். எட்டெட்டாக மூன்று தளம், 16க்குள் 32, 32க்குள் 16. மூன்று தளம்தான் மிக மெதுவாக இருந்தது. தேடுபவர் ஒவ்வொரு தளத்திலும் ஒரு முறை ஊகிக்க வேண்டும், ஊகம் தப்பினால் திரும்பி வர வேண்டும். ஆகவே ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம். ஆனால் எதை எதோடு சேர்ப்பது?

இதற்கு அட்டை அடுக்கல் என்ற எளிய முறை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் உள்ள 24 விஷயங்களையும் தனித்தனி அட்டையில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவையும் இன்னும் நான்கு பேரையும் கூடத்துத் தரையில் உட்கார வைத்தேன். ஒன்றாகச் சேர வேண்டியதைச் சேருங்கள், சேர்த்த ஒவ்வொரு தொகுப்புக்கும் நீங்களே பெயர் வையுங்கள் என்றேன். நான் அதுவரை பால்குடத்தை "பதிவுகள்" என்ற தலைப்பில் வைத்திருந்தேன், உறுப்பினர் சந்தா, தேவார வகுப்பு எல்லாவற்றோடும். அவர்கள் ஐந்து பேரில் நான்கு பேர் அதைக் காவடி, முடி இறக்குதல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, மேலே "நேர்த்திக்கடன்" என்று எழுதினார்கள்.

இப்போது முகப்பில் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதன் கீழே முதல் இணைப்பு "பால்குடப் பதிவு".