ஷூவில் ரத்தம் இருந்தது, ஞாபகம் மட்டும் இல்லை

டானா ஃப்ரெஞ்ச் எழுதிய ‘இன் தி வுட்ஸ்’ நாவலைப் படித்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்சி அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கட்சி, இத்தனை பக்கம் படிக்கவைத்துக் கடைசியில் கையை விரித்துவிட்டாரே என்று திட்டுகிறது. எங்கள் வாசிப்பு வட்டத்திலும் இதே சண்டைதான். ஒரு நண்பர், இனிமேல் அந்த ஆசிரியர் பெயரையே என்னிடம் எடுக்காதே என்று சொல்லிவிட்டார். (இதற்குமேல் படித்தால் முடிவில் பாதி தெரிந்துவிடும். கொலையாளி யார் என்று மட்டும் சொல்லமாட்டேன்.)

2007இல் வந்த நாவல். மறு வருடம், சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது வாங்கியது. கதை நடப்பது அயர்லாந்தில், டப்ளினுக்கு வெளியே நாக்நரீ என்ற கற்பனைக் குடியிருப்பில். 1984 கோடையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் பக்கத்துக் காட்டுக்குள் விளையாடப் போகிறார்கள். ஒருவன் மட்டும் கிடைக்கிறான், ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஷூவெல்லாம் ரத்தமாக. என்ன நடந்தது என்று அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. மற்ற இருவரும் கிடைக்கவே இல்லை. இருபது வருடம் கழித்து அந்தப் பையன் ராப் என்று பெயரை மாற்றிக்கொண்டு டப்ளின் கொலை வழக்குப் பிரிவில் துப்பறிவாளனாக இருக்கிறான். அதே ஊரில், தொல்லியல் அகழாய்வு நடக்கும் இடத்தில், ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உடல் கிடைக்கிறது. வழக்கு அவன் கைக்கே வருகிறது.

புதிய கொலைக்கு விடை உண்டு. 1984க்குக் கிடையாது. சண்டையே இதனால்தான்.

கோபப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. துப்பறியும் கதையைக் கையில் எடுக்கிறவர் விடையை எதிர்பார்த்துத்தான் எடுக்கிறார். ஆனால் அவர்களோடு பேசப்பேச எனக்கு வேறொன்று தெரிந்தது. “யார் செய்தது என்று ஏன் சொல்லவில்லை” என்பதைவிட, “ராபுக்கு ஏன் கடைசிவரை ஞாபகம் வரவில்லை” என்பதுதான் அவர்களை அதிகம் குடைகிறது. வந்தே தீரும் என்று எல்லோரும் உறுதியாக நம்பியிருந்தார்கள். நம் சினிமாவிலும் அப்படித்தானே? தலையில் அடிபட்டால் மறந்துபோகும், மறுபடி அடிபட்டால் அப்படியே முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

நான் மருத்துவ உளவியலாளர். இந்த நம்பிக்கை நாவலோடு நின்றால் பரவாயில்லை. என் அறைக்கும் அது வாரந்தோறும் வருகிறது.

நினைவு என்பது பூட்டிய பீரோ இல்லை, சாவி கிடைத்தால் வைத்தது வைத்தபடி எடுத்துக்கொள்ள. 1932லேயே பிரெடெரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை விரிவாக எழுதிவிட்டார்: நாம் ஒன்றை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கட்டுகிறோம். கட்டும்போது கேள்விப்பட்டது, பயந்தது, ஊகித்தது எல்லாம் உள்ளே போய்விடும். தலையில் பலமாக அடிபட்டோ, மயக்க மருந்திலோ, அளவுமீறிய குடியிலோ இருந்த நேரத்தின் கதை இன்னும் மோசம். அது பெரும்பாலும் பதிவாவதே இல்லை. பதியாததை எந்தச் சிகிச்சையும் வெளியே எடுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடூரமான ஒன்றைப் பார்த்தவர்கள் அதை அடியோடு மறந்துவிடுவார்கள் என்பது கதைகளில் அடிக்கடி நடக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை அதற்கு நேர்மாறு. மறக்க முடியவில்லை. ஒரு வாசனை போதும், சத்தம் போதும், அந்த நிமிடம் திரும்ப வந்து நிற்கிறது. முழு மறதி நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நோயறி கையேட்டில் அதற்கு இடம் இருக்கிறது, அதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையும் இருக்கிறது. ஆனால் பல வருடம் கழித்து ஒன்று ‘ஞாபகம் வந்தால்’, வெளிச் சாட்சியம் இல்லாமல் அது உண்மையா என்று எங்களால் சொல்ல முடியாது. சொல்பவர் அழுதாலும் சரி, நடுங்கினாலும் சரி. பொய்யான நினைவுக்கும் கண்ணீர் வரும்.

அப்படி ஒரு கிடப்பு வழக்கு நிஜத்திலேயே உண்டு. 1969இல் கலிபோர்னியாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். துப்புக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து அவளுடைய சிறுவயதுத் தோழி, தன் அப்பாதான் கொன்றார், தான் பார்த்தது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது என்றார். அந்தச் சாட்சியத்தை வைத்தே 1990இல் அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. இன் தி வுட்ஸ் வாசகர்கள் ஏங்கிய முடிவு இதுதான்! ஆனால் மகள் நினைவிலிருந்து சொன்ன விவரங்கள் பல அக்காலப் பத்திரிகைகளிலேயே வந்திருந்தன. ஜூரிக்கு அதைக் காட்ட விடாதது தவறு என்று 1995இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தண்டனையை ரத்து செய்தது. சாட்சி சொல்வதற்கு முன் அவர் ஹிப்னாடிசத்துக்குப் போயிருந்தார் என்ற தகவலும் வெளியே வந்தது. அவர் அப்பாமீது சுமத்திய இன்னொரு கொலையில் டிஎன்ஏ பொருந்தவில்லை. 1996இல் வழக்கைக் கைவிட்டு அப்பாவை விடுவித்தார்கள். சிறுமியைக் கொன்றது யார் என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த வழக்கில் அப்பாவின் தரப்புக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ். 1995இல் அவர் குழு வெளியிட்ட சோதனையில் 24 பேர். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனாய் என்று, நடக்காத ஒன்றை வீட்டார் சொன்ன நிஜச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். கால்வாசிப் பேர் ஓரளவோ முழுசாகவோ அது ஞாபகம் இருக்கிறது என்றார்கள்.

சோதனைக்கூடமே வேண்டாம், வீட்டுக் கூடம் போதும். ஒரு சாலை விபத்தில் உயிர்தப்பிய பையனைக் கூட்டிவந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்). மாமா சொன்னார்: “மேடம், ஹிப்னாடிசம் பண்ணினா எல்லாம் வந்துடும்ல?” பையனோடு தனியாகப் பேசினேன். சிவப்பு லாரி என்றான், டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தான் என்றான். எப்போது ஞாபகம் வந்தது என்று கேட்டால், பாட்டி கேட்டாங்க, சித்தி கேட்டாங்க, பக்கத்து வீட்டு அண்ணா கேட்டாங்க என்று வரிசையாகச் சொன்னான். “லாரி சிவப்புதானே?” என்று யாரோ முதலில் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவன் நிஜமாகவே என்ன பார்த்தான் என்பதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அதனால் பெற்றோரிடம் திரும்பத்திரும்பச் சொல்வது: குழந்தை ஏதாவது பார்த்தது, அதற்கு ஏதாவது நடந்தது என்று தெரிந்தால், “என்ன ஆச்சுன்னு சொல்லும்மா” என்று திறந்த கேள்வியாக ஒருமுறை கேளுங்கள். குழந்தை சொன்ன சொற்களிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். ஒவ்வொரு உறவினர் முன்னும் நிறுத்திச் சொல்லவைக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டம் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும், நீதிமன்றத்துக்குத் திரும்பத்திரும்ப அழைக்கக் கூடாது. உதவிக்கு 1098, கட்டணம் கிடையாது. அப்புறம், உண்மையறியும் ஊசி போட்டால் எல்லாம் வந்துவிடுமே என்பவர்களுக்கு: சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சம்மதத்தோடு போட்டாலும் மயக்கத்தில் வருவது உளறலா உண்மையா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நாவலில் ராப் ஞாபகத்தைத் தேடி அந்தக் காட்டிலேயே ஒரு ராத்திரி தங்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏதேதோ துண்டுகள் வருகின்றன, பீதி வருகிறது, விடை வரவில்லை. தான் பொய் சொல்கிறவன் என்று தொடக்கத்திலேயே அவன் நம்மிடம் சொல்லிவிடுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகளில் எது நிஜம் என்று அவனுக்கே தெரியாது.

என் குறை வேறு. சொந்தக் காயம் ஆறாத ஒருவன், தான் யார் என்பதை மேலதிகாரிகளிடம் மறைத்துக்கொண்டு அதே ஊர் வழக்கை எடுப்பதை நாவல் கொஞ்சம் காதலோடு பார்க்கிறது. என் துறையில் இதற்குப் பெயர் துணிச்சல் இல்லை. அதன் விலையை அவனும் வழக்கும் கொடுப்பதாகக் காட்டுகிறார் என்றாலும், பக்கத்தில் இருந்த ஒருவர்கூட அவனைச் சிகிச்சைக்குப் போ என்று வற்புறுத்தாதது எனக்கு உறுத்தியது.

அடுத்த நாவல் ‘தி லைக்னஸ்’ 2008இல் வந்தது. அதைச் சொல்வது ராப்போடு சேர்ந்து துப்பறிந்த கூட்டாளி காஸி, வழக்கும் வேறு. 1984க்கு அதிலாவது விடை இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அந்த நண்பர் அப்படித்தான் வாங்கினார்.